“தரை கெட்டி” என்று பழி சொல்லும் காண்டனீஸ் பழமொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங் தொடர்கள் பார்க்கிறவர்கள், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் காண்டனீஸ் (ஹாங்காங்கில் பேசும் சீன மொழி) பேசுவோரோடு வேலை செய்கிறவர்கள், அந்த மொழியைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் என்று பலரும் இந்த ஒரு பழமொழியைப் பற்றி ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. அந்தப் பழமொழி என்ன? முழுசா ஒரு தடவை சொல்லுங்க.

ஓ ஸி ம் சொத், லாய் தெய் ஙாங். ஓ நியூ ம் சொத், லாய் ஃபூங் மாங்.

மலம் வராவிட்டால் தரை கெட்டி என்று பழி. மூத்திரம் வராவிட்டால் காற்று பலம் என்று பழி. தன்னால் ஆகாமல் போன காரியத்துக்கு, அதோடு சம்பந்தமே இல்லாத ஒன்றின் மேல் குறை சொல்கிறவரைப் பற்றிய பேச்சு இது.

ஒவ்வோர் அடியிலும் ஏழு அசை. பழைய சீனக் கவிதைகளில் நன்றாகப் பழகிய அளவு அது. கடைசியில் ஙாங், மாங் என்று இயைபும் உண்டு. அதனால்தான் ஒருமுறை கேட்டால் மனதில் தங்கிவிடுகிறது. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் முதல் அடியோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் சுருக்கி “லாய் தெய் ஙாங்” என்று மூன்றே அசையில் முடிப்பவர்களும் உண்டு. மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார்.

2. கேட்டாலே கூசுதே, இது கெட்ட வார்த்தையா?

இல்லை. காண்டனீஸில் கெட்ட வார்த்தைகளுக்கு “சோ ஹவ்” என்று தனிப் பெயர் உண்டு. அந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழமொழியில் வரும் எந்தச் சொல்லும் அதில் இல்லை. “ஓ” என்ற வினைச்சொல் மலம், மூத்திரம் இரண்டுக்கும் பொது. வயிற்றுப்போக்கு என்று போனால் மருத்துவரே அந்தச் சொல்லை வைத்துத்தான் கேட்பார்.

ஆனால் நாசூக்கான பேச்சும் இல்லை. பாட்டி பேரனிடம் சொல்வாள், நண்பர்கள் சீட்டாடும்போதோ, நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மாஜோங் என்ற சீனக் கட்டை விளையாட்டின்போதோ சொல்லிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜையிலும் புதிதாக அறிமுகமானவர் முன்னும் தவிர்ப்பார்கள். நம் ஊரில் பெரியவர்கள் சொல்லும் பச்சையான சொலவடைகளுக்கு என்ன இடமோ அதே இடம்தான்.

3. எப்படி உச்சரிக்கிறது? நடுவுல “ம்”னு ஒண்ணு தனியா நிக்குதே?

அந்த “ம்” ஒரு முழு அசை. வாயை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்கு “இல்லை”, “ஆகாது” என்று பொருள். வினைக்கு முன்னால் வந்து அதை மறுக்கும். நமக்கு “ம்” என்றால் ஆமாம். தமிழர்கள் ஆரம்பத்தில் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்புதான்.

“சொத்” என்பதில் உள்ள ச-வை “அச்சு” என்பதில் வருவதுபோல அழுத்திச் சொல்லுங்கள். “ஙாங்” நமக்கு எளிது. “ஙப்போல் வளை” என்று படித்தோமே தவிர, ங-வில் தொடங்கும் சொல்லைப் பேச்சில் பயன்படுத்த நமக்கு வாய்ப்பே வருவதில்லை. காண்டனீஸில் அது நிறைய வரும். ஹாங்காங் இளைஞர்கள் பலர் இப்போது அந்த ங-வை விட்டுவிட்டு “ஆங்” என்கிறார்கள். அதைப் பெரியவர்கள் “லான் யம்”, அதாவது சோம்பல் உச்சரிப்பு என்று கண்டிப்பார்கள்.

தொனிகள் ஆறு. இந்தப் பழமொழியில் “ஸி” கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதே தொனியில் அதே ஒலிக்கு “வரலாறு” என்ற பொருளும் உண்டு. எதைச் சொல்கிறீர்கள் என்பது சூழலில் புரிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

4. தரை கெட்டியா இருந்தா என்ன? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. பழமொழியின் உயிரே அதில்தான் இருக்கிறது. வெட்டவெளியில் குத்தவைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தடை இருப்பது உடலுக்குள்ளே. அவர் விரல் நீட்டுவதோ காலுக்குக் கீழே இருக்கும் மண்ணை நோக்கி. நாளைக்கு உழுத வயலில் போய் உட்கார்ந்தாலும் அவர் நிலைமை மாறப்போவதில்லை.

இரண்டாவது அடி இன்னும் நுட்பமானது. காற்று பலமாக அடித்தால் மூத்திரம் மேலே தெறிக்கலாம், திசை மாறலாம். அதாவது காற்றால் கொஞ்சம் தொந்தரவு உண்டு. ஆனால் வராமல் தடுக்கக் காற்றால் முடியாது. நிஜமாக இருக்கும் ஒரு சின்னத் தொந்தரவை எடுத்து, அதைப் பெரிய காரணமாக்கிவிடுவது. நாம் கேட்கும் சாக்குகளில் முக்கால்வாசி இந்த வகைதான். முழுப் பொய்யாகச் சாக்குச் சொல்கிறவர்கள் குறைவு. முதல் அடியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இந்த நல்ல பகுதியை இழந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

5. நம்ம “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” தானே இது?

மிக நெருக்கம். மலாயிலும் ஒன்று இருக்கிறது: ஆடத் தெரியாதவர் தரை மேடு பள்ளம் என்பாராம். இந்தியிலும் ஆடத் தெரியாவிட்டால் முற்றம் கோணல்தான். கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்தில் தமிழரும் மலாய்க்காரரும் காண்டனீஸ் சீனரும் இருந்தால், மூன்று பேரும் அவரவர் மொழியில் காலுக்குக் கீழே இருப்பதைத்தான் குற்றம் சொல்வார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டிய கலை. தெரியாதவர் தெரிந்ததுபோல் மேடையேறிவிட்டார் என்பதில் நம் பழமொழியின் குத்தல் இருக்கிறது. காண்டனீஸ் பழமொழி திறமையைப் பற்றியே பேசவில்லை. எல்லோராலும் முடிகிற காரியம் இன்றைக்கு இவருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். அதனால் அது இன்னும் பரவலாகப் பொருந்துகிறது. தேர்வு, வியாபாரம், காதல், தேர்தல், எதில் தோற்றாலும் சொல்லலாம். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். நம்முடையதில் “ஆடத் தெரியாதவள்” என்று ஒரு பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறோம்; பழைய வடிவம் இன்னும் மோசம். காண்டனீஸ் வாக்கியத்தில் எழுவாயே இல்லை. ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது.

6. மாண்டரின்ல பேசறவங்களுக்கு இது புரியுமா?

மாண்டரின் சீனாவின் பொதுமொழி. அதை மட்டும் பேசுகிறவர்களுக்குக் காதால் கேட்டால் புரியாது. இரண்டு மொழிகளின் ஒலியும் அவ்வளவு தூரம் விலகியவை. எழுதிக் காட்டினால் ஊகித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களிடமும் உறவுக்காரப் பழமொழி ஒன்று இருக்கிறது: மலம் வராவிட்டால் கழிப்பிடக் குழியைக் குறை சொல்வது. அங்கே குழி, இங்கே வெட்டவெளித் தரை. காற்றைப் பற்றிய இரண்டாவது அடி காண்டனீஸ்காரர்களின் சொத்து.

7. எந்த இடத்துல சொல்லலாம்? உதாரணம் குடுங்க.

மாஜோங் மேஜையில் தோற்றவர் “இந்த நாற்காலி ராசியில்லை” என்று எழுந்து இடம் மாறினால், எதிரில் இருப்பவர் “லாய் தெய் ஙாங்” என்பார். புத்தகத்தைத் தொடாமல் போய்விட்டுக் கேள்வித்தாள் கடினம் என்கிற பையனுக்கு அம்மா முழுவதையும் சொல்வாள். பந்து கம்பத்தைத் தாண்டிப் போனதும் புதுக் காலணியைக் குனிந்து பார்க்கும் ஆட்டக்காரருக்கு, பார்வையாளர் வரிசையிலிருந்து இது கேட்கும்.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. குறை சொல்லப்படுவது ஒரு பொருள், ஒரு சூழ்நிலை: நாற்காலி, கேள்வித்தாள், காலணி. அடுத்த கேள்விக்கு இது முக்கியம்.

8. ஆஃபீஸ்ல ஒருத்தன் தப்பை என் தலையில கட்டிட்டான். அவனைப் பாத்து இதைச் சொல்லலாமா?

சொன்னால் புரியும், ஆனால் சரியான சொல் அது இல்லை. பழியை இன்னொரு மனிதர் மேல் தள்ளுவதற்குக் காண்டனீஸில் வேறு சொற்கள் இருக்கின்றன. நேரடியானது “ஸெ பொக்”. தோளில் இருக்கும் சுமையை நழுவவிடுவது என்று பொருள். தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர் செய்வது ஸெ பொக். உங்கள் சக ஊழியர் செய்தது அதுதான்.

அந்தச் சுமை இப்போது உங்கள் முதுகில் இருக்கிறதே, அதற்குப் பெயர் “மெ வொக்”: வாணலியைச் சுமப்பது. வொக் என்பது சீனச் சமையலின் அந்தப் பெரிய இரும்பு வாணலி. ஆங்கிலத்துக்கு அந்தப் பெயர் போனதே காண்டனீஸிலிருந்துதான். “தாய் வொக்”, பெரிய வாணலி என்றால் பெரிய சிக்கல். ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் ஹாங்காங்கில் முதலில் கேட்கும் கேள்வி “பின் கோ மெ வொக்?”, வாணலியைச் சுமக்கப் போவது யார் என்பது. மாண்டரினில் இதே பாத்திரத்தைத் தூக்கி வீசுவார்கள். “பாத்திரம் வீசுதல்” என்ற அந்தச் சொல் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சீனச் செய்திகளில் ஓயாமல் அடிபட்டது.

9. “செத்த பூனையைச் சாப்பிட்டேன்”னு ஒரு தொடர்ல வந்துச்சு. அதுவும் வாணலியும் ஒண்ணா?

“ஸெக் ஸேய் மாவ்”தானே? பூனை சாப்பிட்டதைப் பற்றிய பேச்சு இல்லை அது. செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள நேர்வது. வாணலிக்கும் பூனைக்கும் வித்தியாசம் உண்டு. வாணலியைச் சுமக்கிறவருக்கு அந்தக் காரியத்தில் பங்கு இருந்திருக்கலாம், பதவியின் பெயரால் பொறுப்பு இருந்திருக்கலாம். ஓர் அமைச்சர் தன் துறையில் நடந்த தவறுக்காகப் பதவி விலகினால் அது வாணலி. செத்த பூனை முழு அநியாயம். சாப்பிடுகிறவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை, வாயில் திணிக்கப்படுகிறது.

ஹாங்காங்கில் 2015 ஜூலையில் நடந்ததை வைத்து இதைப் பார்க்கலாம். காய் சிங் என்ற அரசு அடுக்ககக் குடியிருப்பில் குடிநீரில் அளவுக்கு மீறிய ஈயம் இருந்தது தெரியவந்தது. பிறகு மொத்தம் 11 குடியிருப்புகளில் இதே பிரச்சினை. குழாய்களை இணைக்கப் பயன்படுத்திய பற்றுவைப்பில் ஈயம் கலந்திருந்தது. ஆரம்ப நாட்களிலேயே, உரிமம் பெற்ற குழாய்க்காரர் ஒருவரின் பெயர் அரசுத் தரப்புச் செய்தியாளர் சந்திப்பில் வெளியானது. இத்தனை பெரிய கட்டுமானத்துக்கு இந்த ஒரு மனிதரா பொறுப்பு என்று ஊரே கேட்டது. விசாரணை ஆணையம் 2016 மே மாதம் அறிக்கை தந்தபோது, இது சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் சேர்ந்து தவறியதன் விளைவு என்றது. மேலே இருந்தவர் ஒவ்வொருவரும் கீழே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள். தோளை நழுவவிட்டவர்கள் பலர், சுமை போய்ச் சேர்ந்த முதுகு மிகச் சிறியது. வாணலியா பூனையா என்ற வேறுபாடு மொழிப் பாடத்துக்கு மட்டும் உரியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

10. ஒரு கையெழுத்துக்காக அங்க போ இங்க போன்னு அலைய விடறாங்களே, அதுக்கு?

“ஸா தாய் கிக்”, தாய்ச்சி ஆடுவது. எதிராளியின் விசையை எதிர்க்காமல், வட்டமாகக் கையைச் சுழற்றி அப்படியே வேறு பக்கம் அனுப்பிவிடும் கலை அது. கோபமே படாமல், புன்னகையோடு, “இது மூன்றாம் மாடியில் பார்ப்பார்கள்” என்று அனுப்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பந்து உதைப்பது என்றும் சொல்வார்கள்.

11. தப்பு கையும் களவுமா பிடிபட்டும் ஒத்துக்காம சாதிக்கிறவங்களுக்கும் “தரை கெட்டி”தானா?

இல்லை. அவர்களுக்கு “ஸேய் கய் சாங் ஃபான் கொய்”: செத்த கோழி சோற்றுப் பானை மூடியை முட்டுக்கொடுத்து நிற்பது. கோழி வெந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் விறைத்த கால்கள் மூடியை மூடவிடவில்லை. தரையைக் குறை சொல்கிறவர் காரியம் ஆகவில்லை என்பதையாவது ஒத்துக்கொள்கிறார், காரணத்தைத்தான் மாற்றுகிறார். இந்தக் கோழி, தான் தோற்றதையே ஒத்துக்கொள்ளாது. சுருக்கமாக “ஸேய் சாங்” என்றாலே போதும்.

12. “லாய்”னா குறை சொல்றதுன்னு சொன்னீங்க. அகராதியில “நம்பியிரு”ன்னு போட்டிருக்கே?

இரண்டும் உண்டு. ஒன்றைச் சார்ந்திருப்பது, வாங்கிய கடனை இல்லை என்று சாதிப்பது, தன் பழியை இன்னொன்றின் மேல் போடுவது என்று மூன்று பொருளுக்கும் அதே எழுத்து. “லாய் ஸோவ்” என்றால் கடனை ஏமாற்றுவது. விளையாட்டில் தோற்றுவிட்டு “இந்த ஆட்டம் சேர்த்தியில்லை” என்று அழிச்சாட்டியம் செய்யும் பிள்ளைக்கு “லாய் மாவ்” என்பார்கள். இங்கே வருவதும் பூனைதான், ஆனால் இது 9ஆவது கேள்வியில் வந்த செத்த பூனை இல்லை. பழமொழியில் வரும் “லாய்” மூன்றாவது பொருளில் மட்டும்.

13. இது கன்பூசியஸ் சொன்னதுன்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

இல்லை, இது நாட்டுப்புறப் பேச்சு. ஆனால் அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கலாம். கன்பூசியஸின் உரையாடல்களில், வானத்தை நொந்துகொள்வதும் இல்லை, மனிதரைக் குறை சொல்வதும் இல்லை என்று அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதைத் திருப்பிப் போட்டு நான்கு எழுத்துத் தொடர் ஒன்று செய்தார்கள். காண்டனீஸில் “யுன் தின் யவ் யன்”: வானத்தை நொந்து, மனிதரைக் குறை சொல்வது. பள்ளிக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் பழமொழிக்குப் பதிலாக இதைத்தான் எழுத வேண்டும்.

வானத்தைக் குறை சொன்னவர்களில் பெயர்பெற்றவர் பழைய சீனப் படைத்தலைவர் ஸியாங் யூ. கிமு 202இல் தன் போட்டியாளர் லியூ பாங்கின் படையிடம் எல்லாவற்றையும் இழந்து நின்றபோது, “வானம்தான் என்னை அழிக்கிறது, என் போர்த்திறத்தில் குற்றமில்லை” என்றார். அதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் ஸிமா சியன், ஸியாங் யூவின் வீரத்தை மனமாரப் போற்றியவர். ஆனாலும் அவருடைய தவறுகளைச் சொல்லி, இந்தப் பேச்சைப் பெரும் பிழை என்று கண்டித்தே எழுதினார். பாட்டி பேரனுக்குச் சொல்வதும் சாராம்சத்தில் அதே கண்டிப்புதான்.

14. உண்மையிலேயே தரை கெட்டியா இருந்தா? நியாயமான காரணம் சொன்னாலும் இதைச் சொல்லியே வாயை அடைச்சிடறாங்க.

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தோன்றியது. இயந்திரம் பழுது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்த தொழிலாளியிடம், உற்பத்தி குறைந்த அன்று மேலாளர் இந்தப் பழமொழியைச் சொன்னால், பழியைத் தள்ளுவது யார்? கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் கண்ணைப் பரிசோதிக்காமலே இதைச் சொன்னால்? அந்த இடத்தில் பழமொழியே ஒரு சாக்காகிவிடுகிறது.

4ஆவது பதிலில் சொன்ன உழுத வயலை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லப்படும் பொருளை மாற்றிவிட்டால் காரியம் நடக்குமா? இயந்திரத்தைச் சரிசெய்தால் உற்பத்தி கூடும், கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும். அப்படியானால் அது காரணம். நாற்காலியை மாற்றினாலும் மாஜோங்கில் தோற்கத்தான் போகிறார் என்றால் அது சாக்கு. இதைப் பார்க்காமல் பழமொழியை வீசக்கூடாது. அதிலும் பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்மேல் வீசவே கூடாது.

15. அப்போ மேலதிகாரிகிட்ட, மாமியார்கிட்ட சொல்லலாமா?

நேரில் வேண்டாம். பெரியவர்கள் சிறியவர்களுக்கும், சமமானவர்கள் தங்களுக்குள்ளும் சொல்லிக்கொள்வது இது. ஆனால் அரசு, பெரிய நிறுவனம் போன்றவற்றைப் பற்றிப் பொதுவில் பேசும்போது யாரும் தயங்குவதில்லை, தயங்கவும் வேண்டாம். வலியவர்கள் வானிலையையும் உலகப் பொருளாதாரத்தையும் குறை சொல்லும்போது இந்தப் பச்சைப் பழமொழிக்கு நல்ல வேலை இருக்கிறது.

16. யாராவது என்னைப் பாத்து இதைச் சொல்லிட்டா என்ன பதில் சொல்றது?

தவறு உங்களுடையது என்றால் “ஹய் ஙோ சோ” என்று சொல்லிவிடுங்கள். என் தப்புதான் என்று பொருள். மூன்று அசையில் பேச்சு முடிந்துவிடும். காரணம் உண்மையானது என்றால், 14ஆவது பதிலில் சொன்னபடி, எதை மாற்றினால் நடக்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நீளமாக விளக்க ஆரம்பித்தால் பழமொழி இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

குழுவாக வேலை செய்யும் இடத்தில் இன்னொரு பதிலும் உண்டு: “ஙோ மெ”. நான் சுமக்கிறேன். வாணலியைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட வேண்டியதில்லை. அப்படிச் சொல்லும் குழுத் தலைவரை ஹாங்காங் அலுவலகங்களில் ஊழியர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சொல்வதற்கு முன் வாணலியின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். சொன்னபின் இறக்கிவைத்தால் அது மறுபடி ஸெ பொக் ஆகிவிடும்.